நீலகிரிச் சதுப்பு மண்ணில் பழைய மழையையும் காட்டையும் வாசிப்பது எப்படி?

ஊட்டியைத் தாண்டிப் பைக்காரா பக்கம் போனவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்திருப்பார்கள். மலைச்சரிவு முழுக்கப் புல். மடிப்புகளில் மட்டும் கருகருவென்று சோலை. இரண்டும் சேருமிடம் வரப்புக் கட்டியது போலத் தெளிவாக இருக்கும். இந்தப் புல்வெளி எப்போது வந்தது? முன்பு எல்லாமே சோலையாக இருந்து, தீயும் மாடும் அழித்துப் புல்லாகிப் போனதா? இல்லை, புல்லும் ஆதியிலிருந்தே இங்கே குடியிருக்கிறதா?

இந்தக் கேள்விக்கு நிறைய விலை கொடுத்திருக்கிறோம். புல்வெளியைச் சும்மா கிடக்கும் நிலமாக நினைத்ததால்தான் நூறு ஆண்டுகளுக்கும் மேலாக அதன்மேல் கற்பூர மரமும் (யூக்கலிப்டஸ்) சீகையும் (வாட்டில்) பைனும் நட்டார்கள். இன்று சீகை தானாகவே பரவிப் புல்லை மூடுகிறது. அதை வெட்டிப் புல்லை மீட்க வேண்டும் என்று சொல்கிறவர், அங்கே முன்பு புல்தான் இருந்தது என்று காட்டியாக வேண்டும்.

பதில் அந்த மலையிலேயே கிடக்கிறது. நீர் வடியாத பள்ளத்தாக்கு அடிகளில் செத்த புல்லும் இலையும் காற்றுப் படாததால் முழுசாக மட்காமல், அடுக்கின்மேல் அடுக்காகச் சேர்ந்து கருப்பாகிக் கிடக்கின்றன. பீட் என்று சொல்லப்படும் இதை இங்கே கரிமண் என்று எழுதுகிறேன். நீலகிரியின் சாண்டிநல்லா பள்ளத்தாக்கின் கரிமண்ணை வைத்து ஆர். சுகுமார், ஆர். ரமேஷ், ஆர்.கே. பந்த், ஜி. ராஜகோபாலன் நால்வரும் 1993இல் நேச்சர் இதழில் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். 20,000 ஆண்டுக் கதை அதில் இருக்கிறது. அந்த வேலையை எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு, இந்தத் துறைக்குப் புதிதாக வருகிறவர் முதலிலிருந்து கடைசிவரை என்னென்ன செய்ய வேண்டும் என்று சொல்கிறேன். தாவரவியல், நிலவியல், புவியியல் படிக்கும் மாணவர்களை மனதில் வைத்து எழுதினாலும், ஆர்வம் உள்ள யாரும் பின்தொடரலாம்.

சொல் குழப்பம் வராமல் இருக்க ஒன்று: தோண்டி எடுக்கும் மண்ணை ‘மாதிரி’ என்றும், கணினியில் ஓட்டுவதை ‘மாடல்’ என்றும் எழுதுகிறேன்.

முதல் படி: மண்ணால் பதில் சொல்ல முடிகிற கேள்வியைக் கேளுங்கள்

“பழைய காலநிலை எப்படி இருந்தது?” என்று கேட்டால் எந்தச் சாட்சியும் பதில் சொல்லாது. எந்த இடம், எந்தக் காலம், மழையா வெப்பமா, எந்தப் பருவம் என்று சுருக்க வேண்டும். அதன் பிறகுதான் யாரைச் சாட்சிக்கு அழைப்பது என்று தெரியும்.

அண்டார்டிகாவின் டோம் சி பனிப்பாளத்தில் துளைத்தெடுத்த பனித்தண்டு 8 லட்சம் ஆண்டுக் காற்றைக் குமிழ்களில் அடைத்து வைத்திருக்கிறது. உலகக் காற்றில் எவ்வளவு கரியமில வாயு இருந்தது என்று அதைக் கேட்கலாம், நீலகிரியில் மழை பெய்ததா என்று கேட்க முடியாது. தேக்கு மரத்தின் ஆண்டு வளையம் ஒவ்வொரு வருடத்தையும் தனியாகக் காட்டும், ஆனால் சில நூறு ஆண்டுகளோடு நின்றுவிடும். குகைகளில் சொட்டிச் சொட்டி வளரும் சுண்ணாம்புத் தூண்கள் மழையைப் பற்றி நன்றாகப் பேசும். மேகாலயாவின் மாம்ளூ குகையில் கிடைத்த ஒரு தூணை வைத்துத்தான், 4,200 ஆண்டுகளுக்கு முன் தொடங்கிய காலப்பகுதிக்கு ‘மேகாலயன்’ என்று 2018இல் உலக நிலவியலாளர்கள் பெயர் வைத்தார்கள். ஆனால் குகைத்தூணுக்குக் காட்டில் என்ன மரம் நின்றது என்பது தெரியாது.

நம் கேள்வி ‘இந்தப் புல்வெளி எவ்வளவு பழையது, அதை உண்டாக்கியது எது?’ என்பது. செடியின் மிச்சம் இருக்கும் படிவுதான் இதற்கு வேண்டும். அதனால் கரிமண். அதில் தங்கியிருக்கும் மகரந்தத்தையும் கார்பனையும்தான் படிக்கப் போகிறோம்.

இரண்டாம் படி: இடம் பார்ப்பதும் மண் எடுப்பதும்

சதுப்பின் அளவைக் கவனியுங்கள். வீட்டு முற்றம் அளவுள்ள சிறு பள்ளத்தில் விழும் மகரந்தம் பெரும்பாலும் சுற்றியுள்ள சில பத்து மீட்டர் மரங்களிலிருந்து வருவது. பெரிய ஏரியிலோ அகன்ற சதுப்பிலோ பல கிலோமீட்டர் தொலைவிலிருந்து காற்றில் வந்ததும் சேரும். ஒரு சோலையின் கதை வேண்டுமா, மலை முழுவதின் கதை வேண்டுமா என்று பார்த்து இடத்தை முடிவு செய்யுங்கள். ஓடை குறுக்கே ஓடும் இடம் ஆகாது, அது அடுக்குகளை அரித்துக் கலைத்திருக்கும். எருமைகள் படுத்துப் புரண்ட இடம், கிழங்குக்கு வாய்க்கால் வெட்டிய இடம் இவற்றையும் தவிர்க்கலாம். வனத்துறை அனுமதியும் நிலத்துக்கு உரியவரின் சம்மதமும் எழுத்தில் வாங்குங்கள். தோடர்களின் மந்துக்கு (குடியிருப்புக்கு) பக்கத்தில் உள்ள சதுப்பு என்றால் அந்த ஊர்ப் பெரியவர்களிடம் முதலில் உட்கார்ந்து பேசுங்கள். எந்தச் சதுப்பு எந்த மாதம் காயும், எங்கே கால் புதையும் என்று அவர்களுக்குத் தெரிந்த அளவு எந்த வரைபடத்திலும் இருக்காது.

மண் எடுக்க ரஷ்யத் துளைப்பான் என்று ஒரு கருவி இருக்கிறது. பாதி உருளை வடிவில் ஒரு அறை, பெரும்பாலும் 50 செ.மீ. நீளம். மூடிய நிலையில் அழுத்தி இறக்கி, வேண்டிய ஆழத்தில் அரைச்சுற்றுத் திருப்பினால் அந்த ஆழத்து மண்ணை மட்டும் வெட்டி மூடிக்கொள்ளும். ஒரே குழியில் திரும்பத் திரும்ப இறக்கினால் கருவியின் முனை அடுத்த அடுக்கைக் கலைத்துவிடும். ஒரு முழம் தள்ளி இரண்டு குழி போட்டு, மாற்றி மாற்றி, சில செ.மீ. ஒன்றன்மேல் ஒன்று வரும்படி எடுப்பதுதான் நல்ல பழக்கம்.

எடுத்த மண்தண்டைப் பாதியாக அறுத்த பிளாஸ்டிக் குழாயில் கிடத்தி, உணவு சுற்றும் மெல்லிய தாளால் சுற்றி, எது மேல், எது கீழ் என்று அங்கேயே எழுதுங்கள். மழையில் நனைந்து விரல் விறைத்த பிறகு, மேல்கீழ் குறிக்காமல் இரண்டு தண்டுகளை மலையிறக்கிக் கொண்டுவந்த அனுபவம் எனக்கு உண்டு. அந்த ஒரு மீட்டரும் பயனற்றுப் போனது. அதிலிருந்து, துளைப்பானைத் தொடுவதற்கு முன்பே குழாய்களில் எழுதிவிடுகிறேன்.

அங்கேயே நின்று நிறத்தையும் விவரத்தையும் எழுதுங்கள். கருப்பா பழுப்பா, வேர் எவ்வளவு, மணல் அடுக்கு உண்டா, கரித்துண்டு தெரிகிறதா. மணல் என்றால் வெள்ளமோ சரிவு அரிப்போ. கரித்துண்டு என்றால் தீ. காற்றுப் பட்டதும் சில மணி நேரத்தில் நிறம் மாறிவிடும், அதனால் நாளைக்கு எழுதலாம் என்று விடக்கூடாது. தண்டுகளைக் குளிர்ப்பெட்டியில், 4 டிகிரி அளவில் வையுங்கள்.

இன்னொரு வேலை, பெரும்பாலான புதியவர்கள் மறப்பது: சதுப்பைச் சுற்றிப் புல்வெளி, சோலை ஓரம், சோலை நடுவு, சீகைத்தோப்பு என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு பிடி பாசி எடுங்கள். பாசியில் கடந்த சில ஆண்டுகளின் மகரந்தம் தங்கியிருக்கும். இன்றைய காடு மண்ணில் எப்படிக் கையெழுத்துப் போடுகிறது என்று தெரிந்தால்தான் பழைய கையெழுத்தைப் படிக்க முடியும்.

மூன்றாம் படி: வயது

எல்லாத் தவறும் இங்கேதான் ஆரம்பிக்கும். செடி காற்றிலிருந்து எடுக்கும் கார்பனில் கார்பன்-14 என்ற கதிரியக்க வகையும் சிறிதளவு இருக்கும். அதன் அரை ஆயுள் 5,730 ஆண்டு. செடி செத்த நாளிலிருந்து அது குறையத் தொடங்குகிறது, மிச்சத்தை அளந்தால் வயது தெரியும். சுமார் 50,000 ஆண்டுக்கு மேல் அளக்க எதுவும் மிஞ்சாது. கார்பன்-14 அணுக்களை நேரடியாக எண்ணும் இன்றைய முடுக்கி இயந்திரங்களுக்கு ஒரு மில்லிகிராம் கார்பன் போதும். இந்தியாவில் டில்லியின் பல்கலைக்கழகங்களிடை முடுக்கி மையத்திலும் அகமதாபாத்தின் இயற்பியல் ஆய்வகத்திலும் இந்த வசதி இருக்கிறது.

எதை அனுப்புகிறீர்கள் என்பதில் கவனம் வேண்டும். கரிமண்ணில் மேலிருந்து வேர் இறங்கியிருக்கும். 5,000 ஆண்டு அடுக்கில் போன வருடத்து வேர் கிடந்தால் வயது குறைவாக வரும். இது எவ்வளவு மோசமாகும் என்பதற்கு ஒரு கணக்கு: கார்பன்-14 துளியும் மிச்சமில்லாத மிகப் பழைய மண்ணில் வெறும் 1 சதவீதம் இன்றைய கார்பன் கலந்தால், இயந்திரம் அதன் வயதைச் சுமார் 37,000 ஆண்டு என்று காட்டும். எனவே சல்லடையில் அலசி, விதை, இலைத்துண்டு போன்ற தரைக்கு மேல் வளர்ந்தவற்றை இடுக்கியால் பொறுக்கி அனுப்புங்கள். அது கிடைக்காவிட்டால் வேரை நீக்கிய மண்ணை அனுப்பலாம், அதை அறிக்கையில் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம், ஆய்வகம் தரும் கார்பன் வயது நாட்காட்டி வயது ஆகாது. காற்றில் கார்பன்-14 எப்போதும் ஒரே அளவில் இருந்ததில்லை. மர வளையம், குகைத்தூண், ஏரிப்படிவு இவற்றை வைத்து உலக அளவில் ஒரு திருத்தக்கோடு போட்டிருக்கிறார்கள். இப்போது நடப்பில் இருப்பது 2020இல் வந்தது. அதன்படி 9,000 கார்பன் ஆண்டு என்பது சுமார் 10,200 நாட்காட்டி ஆண்டு, 18,000 கார்பன் ஆண்டு என்பது கிட்டத்தட்ட 22,000. ‘இன்றைக்கு முன்’ என்று அவர்கள் சொல்வதில் ‘இன்று’ என்பது 1950. 1990களின் கட்டுரைகளைப் படிக்கும்போது எண்கள் திருத்தியவையா, திருத்தாதவையா என்று முதலில் பாருங்கள். திருத்தாத எண்ணை நேராகக் கணினி மாடலின் ஆண்டோடு ஒட்டினால் பல ஆயிரம் ஆண்டு தவறிப்போகும்.

ஒரு மீட்டருக்கு இரண்டு மூன்று வயதாவது எடுங்கள். இடையில் உள்ள ஆழங்களின் வயதைக் கணிக்க, ‘பேக்கான்’ என்ற இலவசத் தொகுப்பு ‘ஆர்’ என்ற கணினி மொழியில் இருக்கிறது. அது ஒவ்வோர் ஆழத்துக்கும் ஒரே எண்ணைத் தராமல் வயது எந்த எல்லைக்குள் இருக்கலாம் என்று ஒரு பட்டையைத் தரும். அந்தப் பட்டையைக் கடைசிவரை உங்களோடு எடுத்துச் செல்லுங்கள்.

நீலகிரியில் மேல் அடுக்குகளுக்கு வயது சொல்ல இன்னொரு எளிய வழி உண்டு. கற்பூர மரம், சீகை, பைன் மூன்றும் 19ஆம் நூற்றாண்டில்தான் அங்கே வந்தன. அவற்றின் மகரந்தம் முதலில் தலைகாட்டும் ஆழம் அந்த நூற்றாண்டுக்கு முந்தியதாக இருக்க முடியாது. சீகை மகரந்தம் தனியாக வராது, 16 துகள் ஒட்டிய சிறு பந்தாக வரும், ஒருமுறை பார்த்தால் மறக்காது. பைனுக்கு இரண்டு காற்றுப்பைகள். ஆனால் மேற்குத் தொடர்ச்சி மலையின் சொந்த ஊசியிலை மரமான நேகியாவுக்கும் காற்றுப்பைகள் உண்டு, அவசரப்படக்கூடாது. கற்பூர மரமோ நாவல் குடும்பம். அதன் முக்கோணத் துகளையும் சோலை நாவல் மரங்களின் துகளையும் பிரித்தறியப் பழக வேண்டும். இதில் தவறினால் தோப்பைச் சோலை என்று எழுதிவிடுவீர்கள்.

நான்காம் படி: மகரந்தம் பிரிப்பதும் எண்ணுவதும்

மகரந்தத்தின் புறத்தோல் ஸ்போரோபொல்லெனின் என்ற பொருளால் ஆனது. உயிர் உலகில் இத்தனை உறுதியான பொருள் அரிது. காற்றுப் படாத ஈரத்தில் பல்லாயிரம் ஆண்டு அப்படியே இருக்கும், கடும் அமிலத்தையும் தாங்கும். 1916இல் ஸ்வீடன் நிலவியலாளர் லென்னார்ட் வான் போஸ்ட், சதுப்பின் ஒவ்வோர் அடுக்கிலும் மகரந்தத்தை எண்ணிச் சதவீதமாக வரைந்து காட்டிய உரையோடு இந்தத் துறை பிறந்தது எனலாம். இன்றும் நாம் செய்வது அடிப்படையில் அதே வேலைதான்.

ஒரு கன சென்டிமீட்டர் மண்ணை அளந்து எடுங்கள். அதில் எண்ணிக்கை தெரிந்த லைகோபோடியம் வித்து மாத்திரை ஒன்றைக் கரைத்துவிடுங்கள். காரக்கரைசலில் சூடாக்கி மட்குப் பொருளைக் கரைத்து, சல்லடையில் பெரிய துணுக்குகளை நீக்கி, மணல் இருந்தால் அதையும் பிரித்து, கடைசியில் அசிடாலிசிஸ் செய்வார்கள். மகரந்த ஆய்வாளர் எர்ட்மன் வகுத்த முறை அது, 9 பங்கு அசிட்டிக் அன்ஹைட்ரைடு, 1 பங்கு கந்தக அமிலம். அந்தக் கலவை தண்ணீர் பட்டால் சீறும், அதனால் அதற்கு முன்னும் பின்னும் அடர் அசிட்டிக் அமிலத்தில் அலச வேண்டும். மணலைக் கரைக்கப் பயன்படும் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் தோலில் வலி தெரியாமலே உள்ளே இறங்கி எலும்பைத் தாக்கும். புகையிழு பெட்டி, உரிய கையுறை, கால்சியம் குளுக்கோனேட் களிம்பு, அனுபவமுள்ள ஒருவர் பக்கத்தில், இவை நான்கும் இல்லாத இடத்தில் அந்தக் குப்பியைத் திறக்கவே கூடாது. நீலகிரிக் கரிமண்ணில் மணல் குறைவாக இருக்கும் அடுக்குகளுக்கு அது பெரும்பாலும் தேவைப்படாது. கனமான உப்புக் கரைசலில் மிதக்க விட்டும் பிரிக்கலாம்.

பிறகு நுண்ணோக்கி, 400 மடங்கு. ஒரு மாதிரியில் குறைந்தது 300 துகள் எண்ணுங்கள். ஏன் 300? 300இல் 30 துகள், அதாவது 10 சதவீதம் காட்டுப்பூவரசு (ரோடோடென்ட்ரான்) என்று வந்தால், உண்மை மதிப்பு ஏறத்தாழ 7க்கும் 14க்கும் நடுவில் இருக்கும். 100 மட்டும் எண்ணினால் அந்த எல்லை மிகவும் அகன்றுவிடும், ஏற்ற இறக்கம் எதையும் நம்ப முடியாது.

லைகோபோடியம் எதற்கு என்று பார்ப்போம். மாத்திரையில் 20,000 வித்து இருந்தது என்று வையுங்கள். நீங்கள் 300 மகரந்தம் எண்ணும்போது 100 லைகோபோடியம் கண்ணில் பட்டால், அந்த மண்ணில் மொத்தம் 60,000 மகரந்தம். இந்தக் கணக்கு இல்லாமல் சதவீதத்தை மட்டும் நம்பினால் ஏமாறுவீர்கள்: புல் மகரந்தம் இரட்டிப்பானால், மர மகரந்தம் ஒன்றுகூடக் குறையாமலே அதன் சதவீதம் விழுந்துவிடும். காடு அழிந்தது என்று எழுதத் தோன்றும். நம் மலைகளில் லைகோபோடியத்தின் உறவுச் செடிகள் வளர்கின்றன என்பதையும் மனதில் வையுங்கள். மாத்திரையில் வருவது பெரும்பாலும் கருத்துத் தெரியும்.

எந்தத் துகள் எந்தச் செடி என்று கண்டுபிடிக்க ஒப்பிட்டுப் பார்க்கும் தொகுப்பு வேண்டும். புதுச்சேரி பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான மகரந்தச் சில்லுகள் இருக்கின்றன. அதை வளர்த்தவர்களில் முதன்மையானவர் கணபதி தணிகைமணி. 1986 செப்டம்பரில் கராச்சியில் கடத்தப்பட்ட பான் ஆம் விமானத்தில் உயிரிழந்தவர்களில் அவரும் ஒருவர். வெப்பமண்டல மகரந்தம் படிக்கிற யாரும் இன்றும் அவர் வேலையின் மேல்தான் நிற்கிறார்கள். அங்கே அனுமதி கேட்டுப் போய் ஒரு வாரம் நுண்ணோக்கிமுன் உட்காருங்கள், ஒரு வருடம் படங்களைப் பார்ப்பதைவிட மேல். லக்னோவின் பீர்பல் சாஹ்னி நிறுவனத்திலும் பெரிய தொகுப்பு உண்டு.

எண்ணி முடித்தீர்கள். புல் மகரந்தம் கொட்டிக் கிடக்கிறது. புல்வெளி பழையது என்று முடிவு கட்டலாமா? பொறுங்கள். புல் காற்றில் மகரந்தத்தைத் தூவுவது, அள்ளித் தூவும். சோலை மரங்களில் பல பூச்சியை நம்புகின்றன, கஞ்சத்தனமாகத்தான் தரும். சோலை நடுவே எடுத்த பாசியில்கூடப் புல் நிறைய இருக்கும். அதற்காகத்தான் பாசி எடுக்கச் சொன்னேன். குறிஞ்சியோ 12 ஆண்டுக்கு ஒருமுறைதான் பூக்கும். அது மண்ணில் குறைவாக இருப்பதை வைத்துக் குறிஞ்சி இல்லை என்று சொல்ல முடியாது. இன்னொரு சிக்கலும் உண்டு: புல் மகரந்தம் எல்லாம் ஒரே மாதிரி உருண்டை, ஒரு துளை. வறண்ட நிலப் புல்லா, ஈர நிலப் புல்லா என்று நுண்ணோக்கி சொல்லாது.

ஐந்தாம் படி: கார்பன் ஐசோடோப்பு

அந்த வேறுபாட்டைச் சொல்வது இன்னொரு சாட்சி. செடிகள் கரியமில வாயுவை உணவாக்குவதில் இரண்டு பெரிய வழிகள் உண்டு. மரங்கள் ஏறக்குறைய எல்லாமும், ஈரக் குளிர்நிலப் புற்களும், முதல் வழி. இதை சி3 என்பார்கள். வெப்பமும் வறட்சியும் தாங்கும் பல புற்கள் சி4 வழி. கார்பனில் எடை வேறுபட்ட வகைகள் உண்டு, அவற்றைத்தான் ஐசோடோப்பு என்கிறோம். சி3 செடியில் கனமான கார்பன்-13 குறைவாக இருக்கும், டெல்டா அளவில் (பொதுவான ஓர் அளவுகோலிலிருந்து ஆயிரத்துக்கு எத்தனை பங்கு விலகல் என்பது) ஏறத்தாழ -27. சி4 செடியில் -12 அல்லது -13. கரிமண்ணை உலர்த்தி, பொடித்து, அமிலத்தில் கழுவி, அணுக்களை எடைவாரியாகப் பிரித்து அளக்கும் நிறைமானியில் வைத்தால், அந்த அடுக்கில் எந்த வகை ஓங்கியிருந்தது என்று தெரிந்துவிடும். மேல் அடுக்குகளுக்கு ஒரு திருத்தம் வேண்டும். நிலக்கரியும் எண்ணெயும் எரித்ததால் காற்றின் கார்பனே கடந்த இரு நூற்றாண்டுகளில் இலேசான பக்கம் நகர்ந்திருக்கிறது.

1993 கட்டுரை இதைத்தான் செய்தது. பனியூழி உச்சமான 20,000 முதல் 18,000 ஆண்டு முன்பு நீலகிரியில் சி4 புல் ஓங்கியிருந்தது, அதை வறட்சி என்று வாசித்தார்கள். பிறகு பருவமழை வலுத்து, சுமார் 9,000 ஆண்டு முன்பு சி3 செடிகள் மேலோங்கின. 5,000 முதல் 2,000 ஆண்டு முன்பு மீண்டும் வறட்சி. 600 ஆண்டு முன்பு ஒரு குறுகிய ஈரக் காலம். விவசாயம் உலகில் எங்குமே தொடங்காத காலத்தில் அந்த மலையில் புல் இருந்திருக்கிறது. புல்வெளி மனிதன் காடழித்ததால் மட்டுமே வந்தது என்ற வாதம் அங்கேயே விழுந்துவிடுகிறது.

ஆனால் ஏன் சி4 ஓங்கியது என்பதை மண்ணால் சொல்ல முடியாது. மழை குறைந்தாலும் சி4 ஓங்கும். காற்றில் கரியமில வாயு குறைந்தாலும் ஓங்கும். பனியூழி உச்சத்தில் அது பத்து லட்சத்தில் 190 பங்கு அளவில்தான் இருந்தது, தொழிற்புரட்சிக்கு முன் 280, இன்று 420க்கு மேல். சி4 புல் குறைந்த வாயுவிலும் பிழைக்கத் தெரிந்தது. இரண்டு காரணங்களும் ஒரே காலத்தில் வந்ததால் மண்ணில் ஒரே தடமாகப் பதிந்துவிட்டன. இரண்டையும் பிரிக்கத்தான் மாடல்.

செடியிலிருந்து மழை அளவுக்குப் போகும் வழி பற்றிச் சுருக்கமாக: பாசி மாதிரிகள் நிறையச் சேர்ந்த பிறகு, பழைய அடுக்கின் மகரந்தக் கலவை இன்று எந்த இடத்துக் கலவையைப் போல இருக்கிறது என்று தேடி, அந்த இடத்தின் மழையையும் வெப்பத்தையும் பழைய அடுக்குக்குக் கொடுக்கலாம். ‘ஆர்’ மொழியில் இதற்கும் இலவசத் தொகுப்புகள் உண்டு. ஐரோப்பாவிலும் வட அமெரிக்காவிலும் ஆயிரக்கணக்கான மாதிரிகள் இருப்பதால் இது நன்றாக ஓடுகிறது. தென்னிந்தியாவில் உங்களிடம் 30 பாசிதான் இருக்கிறது என்றால் மில்லிமீட்டரில் மழை சொல்லாதீர்கள், ‘இன்றைவிட வறட்சி’ என்பதோடு நிறுத்துங்கள்.

ஆறாம் படி: மாடல்

இரண்டு வகை மாடல் உங்களுக்கு வேண்டும். முதலாவது, காலநிலை மாடல். சூரியனிடமிருந்து வரும் ஒளி, வாயு அளவு, பனிப்பாளம், கடற்கரை இவற்றைக் கொடுத்தால் காற்றும் மழையும் எப்படி நடந்திருக்கும் என்று இயற்பியல் விதிகளின்படி கணக்கிடும். 1981இல் அமெரிக்கக் காலநிலையியலாளர் ஜான் குட்ஸ்பாக் செய்த சோதனை இந்தத் துறையின் திருப்புமுனை. இன்று பூமி சூரியனுக்கு மிக அருகில் வருவது ஜனவரி முதல் வாரத்தில். 9,000 ஆண்டு முன்பு அது வட கோடைக்காலத்தில் நடந்தது. அதனால் வட அரைக்கோளத்துக்குக் கோடையில் சுமார் 7 சதவீதம் கூடுதல் வெயில். வேறு எதையும் பெரிதாக மாற்றாமல் அந்த ஒன்றை மாற்றியதும், மாடலில் ஆசிய, ஆப்பிரிக்கப் பருவமழை வலுத்தது. சாண்டிநல்லா கரிமண் சி3 பக்கம் சாய்ந்ததும் ஏறத்தாழ அதே காலம்தான். ஒன்றையொன்று பார்க்காத இரண்டு சாட்சிகள் ஒரே வாக்குமூலம் தந்தது போல.

இப்படி ஒரு மாடலை நீங்களே ஓட்ட வேண்டியதில்லை. உலகின் பல ஆய்வுக்குழுக்கள் ஒரே நிபந்தனைகளை வைத்துத் தம் மாடல்களை ஓட்டி, விளைவுகளைப் பொதுவில் வைக்கும் ‘பிஎம்ஐபி’ என்ற கூட்டுத்திட்டம் 1990களிலிருந்து நடக்கிறது. 6,000, 21,000, 1,27,000 ஆண்டு முன்பு என்று சில காலங்களைக் குறித்துக்கொண்டு செய்கிறார்கள். இலவசமாக இறக்கிக்கொள்ளலாம்.

இறக்கியதும் புதியவர்கள் விழும் குழி ஒன்று உண்டு. மாடல் உலகத்தைக் கட்டங்களாகப் பிரிக்கிறது. ஒரு பாகைக்கு ஒரு பாகை கட்டம் என்றால் நம் பகுதியில் சுமார் 12,000 சதுர கிலோமீட்டர். நீலகிரி மாவட்டம் முழுவதுமே 2,500 சதுர கிலோமீட்டர்தான். அந்தக் கட்டத்துக்குள் கோயம்புத்தூர்ச் சமவெளி, வயநாடு, மைசூர்ப் பீடபூமி எல்லாம் சேர்ந்து சராசரியாகிக் கிடக்கும். மாடலுக்கு 2,200 மீட்டர் உயரச் சாண்டிநல்லா தெரியவே தெரியாது. அந்தக் கட்டத்தின் வெப்பநிலையை எடுத்து உங்கள் சதுப்புக்கு ஒட்டக்கூடாது.

செய்ய வேண்டியது இது: அதே மாடலின் பழைய ஓட்டத்திலிருந்து அதே மாடலின் இன்றைய ஓட்டத்தைக் கழியுங்கள். கிடைக்கும் வித்தியாசத்தை, ஊட்டியில் உண்மையில் அளந்த வானிலை எண்களோடு சேருங்கள். இந்தக் கூட்டல் வெப்பத்துக்கு. மழைக்கோ கழிப்பதற்குப் பதில் வகுத்து, கிடைக்கும் விகிதத்தால் பெருக்குங்கள். மாடலின் நிலையான பிழை இதில் பெருமளவு கழிந்துவிடும். ஒரு மாடலோடு நிற்காமல் குறைந்தது ஐந்தாறு மாடல்களுக்குச் செய்து, அவை எங்கே ஒத்துப்போகின்றன, எங்கே பிரிகின்றன என்று பாருங்கள்.

இரண்டாவது, தாவர மாடல். ‘பயோம்4’ போன்றவை மாத வெப்பம், மழை, வெயில், மண், கரியமில வாயு அளவு இவற்றை வாங்கிக்கொண்டு அங்கே எந்த வகைத் தாவரம் நிற்கும் என்று சொல்லும். நம் சிக்கலுக்கு இதுதான் சாவி. நான்கு முறை ஓட்டுங்கள். இன்றைய மழை, தொழிற்புரட்சிக்கு முந்தைய வாயு. இன்றைய மழை, பனியூழி வாயு. பனியூழி மழையும் வெப்பமும், தொழிற்புரட்சிக்கு முந்தைய வாயு. இரண்டுமே பனியூழி. எந்த ஓட்டத்தில் மரம் விலகிச் சி4 புல் வருகிறது என்று பார்த்தால், வறட்சியின் பங்கும் வாயுவின் பங்கும் தனித்தனியாகத் தெரிய ஆரம்பிக்கும்.

ஏழாம் படி: ஒத்துப்போகாதபோது

மண்ணும் மாடலும் முரண்படும் நாள் வரும். அப்போது பிடித்த பதிலை எடுத்துக்கொண்டு மற்றதை ஒதுக்குவது பெரிய தப்பு. சஹாராவில் நடந்ததைப் பாருங்கள். 6,000 ஆண்டு முன்பு அங்கே புல்வெளியும் ஏரிகளும் இருந்தன என்பதற்கு மகரந்தமும் ஏரிப்படிவும் உறுதியான சாட்சி. மாடல்களோ வட சஹாராவுக்கு அந்த அளவு மழை தருவதில்லை. தாவரம் தானே ஈரத்தைத் திருப்பி அனுப்புவதையும், தரையின் நிறத்தைக் கருக்க வைப்பதையும் சேர்த்த பிறகு இடைவெளி குறைந்தது, இன்னும் முழுதாக மூடவில்லை. அந்த முரண்பாட்டிலிருந்துதான் காடும் மழையும் ஒன்றையொன்று வளர்ப்பதைப் பற்றி இவ்வளவு கற்றுக்கொண்டோம்.

முரண் வந்தால் இந்த வரிசையில் தேடுங்கள். முதலில் வயது: பட்டையின் இரு ஓரங்களிலும் வைத்துப் பார்த்தால் பொருந்துகிறதா? பிறகு பருவம்: மாடலில் ஆண்டு மழையைப் பார்க்கிறீர்களா, தென்மேற்குப் பருவமா, வடகிழக்கா? நீலகிரிக்கு இரண்டும் உண்டு, கிழக்குச் சரிவும் மேற்குச் சரிவும் ஒரே கதை சொல்லாது. பிறகு பக்கத்து ஊர்ச் சாட்சி. இலங்கையின் ஹோர்ட்டன் சமவெளி 2,000 மீட்டருக்கு மேல், அங்கும் புல்லும் காடும் கலந்த நிலம், அங்கும் கரிமண். பனியூழி உச்சத்தில் கடல்மட்டம் 120 மீட்டருக்கு மேல் இறங்கியிருந்ததால் பாக் நீரிணை தரையாகக் கிடந்தது, இரண்டு மலைகளும் ஒரே நிலப்பரப்பின் இரு முனைகள். அங்கேயும் பனியூழி உச்சம் வறண்டு, பிறகு ஈரமாகியதைப் படிவுகள் காட்டுகின்றன. அப்படி வேறொரு மலையும் அதையே சொல்லும்போது உங்கள் மண்ணை நம்புவதற்குத் தெம்பு வரும்.

கடைசியாக, மலையில் நின்று பாருங்கள். எந்த மாடலிலும் சரியாக வராத ஒன்று நீலகிரியில் உண்டு: டிசம்பர், ஜனவரி இரவுகளின் உறைபனி. பள்ளத்திலும் திறந்த வெளியிலும் அது சோலைக் கன்றுகளைக் கருக்கிவிடும், சோலைக்குள் இறங்காது. இன்றைய மழையில் சோலை வளரலாம் என்று மாடல் சொல்லும் சரிவில் புல் நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். ஒரு ஜனவரி விடியலில் போய், வெள்ளை பூத்த புல்லையும் அதன் எல்லையில் பச்சையாக நிற்கும் சோலையையும் ஒருமுறை பார்த்தவருக்கு அந்த வரைபடக் கட்டம் எதை விட்டுவிட்டது என்று புரியும்.

எங்கே தொடங்குவது?

துளைப்பானும் ஆய்வகமும் கிடைக்கும்வரை காத்திருக்க வேண்டாம். ‘நியோடோமா’ என்ற பொதுத் தரவுத்தளத்தில் உலகெங்கும் எடுத்த மகரந்த எண்ணிக்கைகள் இலவசமாகக் கிடைக்கின்றன. ஒரு சதுப்பின் தரவை இறக்கி, நீங்களே சதவீதம் போட்டு, ஆழத்தைக் கீழ்நோக்கி வைத்து வரைந்து பாருங்கள். வயதுக் கோட்டைப் பேக்கானில் மீண்டும் போடுங்கள். வெளியிட்டவர்கள் எழுதியதைப் படிக்காமல் நீங்கள் முதலில் எழுதுங்கள், பிறகு ஒப்பிடுங்கள்.

கூடவே உங்கள் தெருவில் பூக்கும் பத்து செடிகளின் மகரந்தத்தைக் கண்ணாடிச் சில்லில் தட்டி, கல்லூரி நுண்ணோக்கியில் பார்த்து வரையுங்கள். அடுத்த முறை மலைக்குப் போகும்போது ஒரு மரத்தடிப் பாசியைக் கிள்ளிக் காகித உறையில் போடுங்கள். உறையின்மேல் தேதி, இடம், உயரம், சுற்றி 50 மீட்டரில் நிற்கும் மரங்களின் பெயர், அவை இருக்கும் திசை. எல்லாவற்றையும் பென்சிலில் எழுதுங்கள். பேனா மை ஈரத்தில் கரைந்துவிடும்.